முகம் காணாத கூட்டாளிகள்: ஓர் அகராதி எழுந்த கதை

1879ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், லண்டனுக்கு வடக்கே மில் ஹில் என்னும் சிற்றூரில், ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டு வாசலில் மூட்டைகள் வந்திறங்கின. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு டன் எடை. உள்ளே இருந்தவை காகிதத் துண்டுகள். இருபது ஆண்டுக் காலமாக, ஒருவரையொருவர் பார்த்திராத பல நூறு பேர், தத்தம் வீட்டு மேசையில் அமர்ந்து, புத்தகங்களைப் படித்து, சொல் சொல்லாக எழுதி அனுப்பியவை. ஒரு சாக்கினுள் செத்த எலி ஒன்று கிடந்தது. இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலி ஒன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. எச் என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைக் காணவில்லை. தேடியபோது அவை இத்தாலியில், ஃப்ளாரன்ஸ் நகரில், ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்ற அமெரிக்கத் தூதரின் வசம் இருந்தது தெரியவந்தது. பி, ஏ என்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் அகப்பட்டது. அதிலும் பெரும்பங்கு அதற்குள் அடுப்பு மூட்டப் பயன்பட்டுவிட்டிருந்தது.

அந்த ஆசிரியரின் பெயர் ஜேம்ஸ் மர்ரே. அந்தக் குவியலிலிருந்துதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எழுந்தது.

இவ்வகராதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் சொற்களைப் பற்றியே எழுதுகிறார்கள். சைமன் வின்செஸ்டரின் நூல் 1998இல் வெளிவந்த பிறகு, மனநல விடுதியில் அடைபட்டிருந்த ஒரு மருத்துவரின் கதையும் பரவலாக அறியப்பட்டுவிட்டது. இங்கே நமது அக்கறை சற்று வேறானது. தொலைவில் இருப்பவர்களைக் கொண்டு, சம்பளமும் கொடுக்காமல், மேற்பார்வை பார்க்க ஆளும் வைக்காமல், நீண்ட காலம் பிடிக்கும் ஒரு வேலையைச் செய்துமுடிக்க இயலுமா? இயலுமென்றால் அது எதனால் இயல்கிறது? இக்கேள்வி எங்களுக்கு வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் எழுந்ததன்று. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலத்தில், நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களுக்குப் பொருளடைவு தயாரிக்கலாம் என்று எங்கள் குழுவில் தீர்மானித்தோம். உருக்கமான ஓர் அழைப்பை எழுதினோம். பல ஊர்களிலிருந்தும் இருபத்துமூன்று பேர் கைதூக்கினார்கள். கடைசிவரை வந்தவர்கள் நால்வர். வந்து சேர்ந்த கோப்புகளில் ஒருவர் கட்டுரைத் தலைப்பை மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவர் ஆசிரியர் பெயரைத் தாமறிந்த இயற்பெயராக மாற்றியிருந்தார். பக்க எண் எவரிடமும் இல்லை. ஆர்வலர்களைக் குறைகூறியபடி சில மாதங்கள் கழிந்தன. மர்ரேயின் வாழ்க்கையைப் படித்த பின்னர்தான் குறை எங்கே இருந்தது என்பது விளங்கியது.

கதை 1857இல் தொடங்குகிறது. லண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்ட் செனெவிக்ஸ் டிரெஞ்ச் என்ற பாதிரியார், அதுவரை வெளிவந்த ஆங்கில அகராதிகளின் குறைபாடுகளைப் பற்றி இரண்டு உரைகள் ஆற்றினார். அகராதி தொகுப்பவன் மொழியின் வரலாற்றாசிரியனே தவிர அதன் நீதிபதி அல்லன் என்பது அவரது கட்சி. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எந்தெந்தப் பொருளில் வழங்கியது, எப்போது மறைந்தது என்பதை மேற்கோள்களைக் கொண்டே நிறுவ வேண்டும். அப்படியானால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களையெல்லாம் யாரேனும் படித்தாக வேண்டும். ஒரு மனிதனால் ஆகாது. ஒரு கல்லூரியாலும் ஆகாது. ஆகவே பலரும் பங்கிட்டுப் படிப்பது என்று முடிவாயிற்று. 1840இல் வந்த ஒரு பென்னித் தபால் முறை இல்லாதிருந்தால் இந்த எண்ணமே தோன்றியிருக்காது என்று நினைக்கிறோம்.

முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரர். அவர் செய்துவைத்த மர அடுக்கில் 54 அறைகள் இருந்தன. ஒரு லட்சம் சீட்டுகள் வரை கொள்ளும். வேலை அதற்குள் முடிந்துவிடும் என்பது அவரது கணக்கு. 1861இல், முப்பதாம் வயதில், காசநோயால் மாண்டார். பொறுப்பு ஃபிரெடரிக் ஃபர்னிவால் கைக்கு வந்தது.

ஃபர்னிவாலை வெறுக்க முடியாது. பழைய ஆங்கில நூல்கள் அச்சில் இல்லாததால் ஆர்வலர்கள் படிக்க முடியவில்லை என்று கண்டு, அவற்றைப் பதிப்பிப்பதற்கென்றே 1864இல் ஒரு சங்கம் தொடங்கினார். சாசருக்கு ஒரு சங்கம், ஷேக்ஸ்பியருக்கு ஒரு சங்கம் என்று அது வளர்ந்தது. முதுமையில் தேநீர்க் கடைப் பெண்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் ஒரு கழகம் அமைத்தார். எதையும் தொடங்கிவைப்பதில் அவருக்கு நிகர் அவரே. ஆனால் ஒருவரிடம் ஒரு எழுத்தை ஒப்படைத்த பிறகு அவர் என்ன ஆனார் என்று விசாரிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. துணைப்பதிப்பாசிரியர்கள் ஊர் மாறினார்கள், நோயுற்றார்கள், இறந்தார்கள். அவர்களுடைய சீட்டுகள் பரண்களில் கிடந்தன. 1870களில் பணி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. சாக்கினுள் எலி குடியேறியது இவ்விதமாகத்தான்.

மர்ரே முற்றிலும் வேறு வார்ப்பு. ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் டென்ஹோம் என்ற கிராமத்தில், ஒரு தையற்காரரின் மகனாக 1837இல் பிறந்தவர். பதினான்கு வயதோடு பள்ளிக்கல்வி முடிந்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய சார்ட்டர்டு வங்கியின் லண்டன் அலுவலகத்தில் சில ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தார். மொழிகளைத் தாமாகவே கற்றார். 1879 மார்ச் முதல் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: பத்து ஆண்டுகள், நான்கு தொகுதிகள், ஏறத்தாழ 7,000 பக்கங்கள். பள்ளித் தோட்டத்தில் தகரத்தால் ஒரு கொட்டகை போட்டார். கோல்ரிட்ஜின் 54 அறைகளுக்குப் பதிலாக அதில் 1,029 அறைகள். எழுத்துக்கூடம் என்று பொருள்படும் ‘ஸ்கிரிப்டோரியம்’ என்ற இடைக்கால மடாலயப் பெயரை அதற்குச் சூட்டினார். பார்ப்பதற்குக் கோழிக் கொட்டகைக்கு அதிகமாக ஒன்றுமில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில், ஆங்கிலம் பேசுவோருக்கும் படிப்போருக்கும் ஓர் வேண்டுகோளை அச்சிட்டு 2,000 படிகள் அனுப்பினார். மூன்று ஆண்டுகளுக்கு ஆயிரம் வாசகர்கள் வேண்டும் என்பது கோரிக்கை. இதுவரைக்கும் ஃபர்னிவாலும் செய்திருக்கக்கூடியதே. வேறுபாடு, அதோடு இணைத்தனுப்பிய அறிவுரைகளில் இருந்தது. எந்தக் காலத்து நூல்கள் படிக்கப்பட்டுவிட்டன, எவை எஞ்சியுள்ளன என்ற பட்டியல். சீட்டின் அளவு: அரைத்தாள். இடப்பக்க மேல்மூலையில் சொல். அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். பிறகு மேற்கோள், ஒரு எழுத்தும் மாறாமல். ஒரு சீட்டுக்கு ஒரே சொல். பொருள் எழுத வேண்டியதில்லை, கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. வியன்னாவில் எழுதியதும் பென்சில்வேனியாவில் எழுதியதும் ஒரே அடுக்கில், ஒரே வரிசையில் வந்து அமரும்படியாக அந்தச் சீட்டு வடிவமைக்கப்பட்டிருந்தது. எழுதியவர் பேராசிரியரா, பள்ளி மாணவியா என்று சீட்டைப் பார்த்து அறிய வழியில்லை, அறியத் தேவையுமில்லை.

மூன்று ஆண்டுகளில் புதிதாகப் பத்து லட்சம் சீட்டுகள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் லஃபாயெட் கல்லூரிப் பேராசிரியர் பிரான்சிஸ் மார்ச் அந்நாட்டு வாசகர்களை ஒருங்கிணைத்தார். தாமஸ் ஆஸ்டின் என்பவர் தனியொருவராக 1,65,000 மேற்கோள்கள் அனுப்பினார். வில்லியம் டக்ளஸ் 1,36,000. வியன்னாவின் டாக்டர் ஹெல்விச் 50,000. இவ்வெண்களை மர்ரே முன்னுரையில் பெயரோடு அச்சிட்டார். அந்த வாசகர்களுக்குக் கிடைத்த ஊதியம் ஏறக்குறைய அது ஒன்றே.

ஆனால் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிய சொல், வழக்கொழிந்த சொல், புதிய சொல், விசித்திரமாக ஆளப்பட்ட சொல் ஆகியவற்றுக்கெல்லாம் மேற்கோள் எழுதுக என்பது அறிவுரை. சாதாரணச் சொற்களுக்கு வசதிப்பட்டபோது எழுதலாம். விளைவு என்ன? வாசகர்கள் முத்துக்குளிப்பவர்களாகிவிட்டார்கள். இன்று எவரும் பயன்படுத்தாத ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது சீட்டுகள் இருந்தன. எல்லோரும் நாள்தோறும் சொல்லும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூட இல்லை. மர்ரே இதை மனக்கசப்போடு குறிப்பிட்டிருக்கிறார். அதற்காக வாசகர்களைப் பழிக்கவில்லை. தேவைப்படும் சொற்களின் பட்டியல்களை அவ்வப்போது அச்சிட்டு, இன்ன சொல்லுக்கு இன்ன ஆண்டுக்கு முற்பட்ட மேற்கோள் வேண்டும் என்று திட்டவட்டமாகக் கேட்கத் தொடங்கினார். பொதுவாக விடுக்கும் அழைப்பு ஆட்களைக் கொண்டுவந்தது. குறிப்பாகக் கேட்ட கேள்விதான் வேலையைக் கொண்டுவந்தது. எங்கள் பொருளடைவு முயற்சியில் அழைப்பு இருந்தது, கேள்வி இருக்கவில்லை.

சீட்டுகள் கொட்டகைக்கு வந்ததும் முதலில் அகரவரிசைப்படுத்தப்படும். இதில் மர்ரேயின் குழந்தைகளுக்கும் பங்குண்டு. அவருக்குக் குழந்தைகள் பதினொருவர். வயதுக்கேற்றபடி மணிக்கு ஒரு பென்னியிலிருந்து ஆறு பென்னி வரை கூலி. பிறகு அவை கட்டுகளாகத் துணைப்பதிப்பாசிரியர்களுக்குத் தபாலில் போகும். இவர்களும் வெவ்வேறு ஊர்களில் வீட்டிலிருந்தே வேலை செய்த தன்னார்வலர்கள். காலவரிசையில் அடுக்கி, பொருள்வாரியாகப் பிரித்து, முதல் வரைவு எழுதி அனுப்புவார்கள். அது மர்ரேயின் மேசைக்கு வந்து, திருத்தம் பெற்று, அச்சுக்குப் போகும். அச்சிலிருந்து வந்த மெய்ப்புகள் மீண்டும் பல ஊர்களுக்குப் பயணப்படும். இதனிடையே ஐயங்கள். ஒரு பூவின் பெயருக்கு கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநருக்கு எழுத வேண்டும். டைன் நதிப் படகைப் பற்றி நியூகாசில் துறைமுக வணிகருக்கு. கத்தோலிக்க இறையியல் நுணுக்கமொன்றுக்கு ஏசுசபைப் பாதிரியாருக்கு. எல்லாக் கடிதங்களையும் மர்ரே தம் கையாலேயே எழுதினார். 1885இல் ஆக்ஸ்ஃபோர்டின் பான்பரி சாலைக்கு வீடு மாற்றியபோது, அவருடைய தபாலின் பெருக்கத்தைக் கண்டு தபால்துறை வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டியை நட்டுவிட்டது. மர்ரே, ஆக்ஸ்ஃபோர்டு என்று மட்டும் எழுதினாலே கடிதம் வந்து சேரும். புதிய கொட்டகையோ, பக்கத்து வீட்டுச் சட்டப் பேராசிரியர் டைசியின் பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதற்காக மூன்றடி பள்ளத்தில் இறக்கிக் கட்டப்பட்டது. அதில் எப்போதும் ஈரம். குளிர்காலத்தில் மர்ரே தம் கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதினார்.

இனி இருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஒருவர் புகழ்பெற்றவர். மற்றவர் நம் நாட்டோடு தொடர்புடையவராக இருந்தும் நம்மிடையே அதிகம் பேசப்படாதவர்.

வில்லியம் செஸ்டர் மைனர் அமெரிக்க ராணுவ மருத்துவர். மனம் பேதலித்த நிலையில், 1872இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் ஜார்ஜ் மெரட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். பிராட்மூர் மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். அங்கே அவரது அறை நிறையப் புத்தகங்கள். மர்ரே அவரைப் பெரிய மருத்துவர் என்றெண்ணித் தேடிப்போய், கைதியைக் கண்டு திகைத்தார் என்றொரு கதை உண்டு. அது பத்திரிகைக்காரர் ஒருவரின் கற்பனை என்று பின்னர் தெளிவாகிவிட்டது. நமக்கு அக்கதையைவிட மைனர் வேலை செய்த முறைதான் வியப்பளிக்கிறது. மற்றவர்கள் ஒரு நூலைப் படித்து, கண்ணில் பட்ட சொற்களை அனுப்பிவைப்பார்கள். அந்தச் சீட்டுகள் தங்கள் எழுத்தின் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மைனர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் தமக்கென ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்கு எழுதிக் கேட்பார்: இப்போது எந்தச் சொல்லில் இருக்கிறீர்கள்? பதில் வந்ததும் அந்தச் சொல்லுக்குரிய மேற்கோள்கள், அந்த வாரத்திலேயே, பயன்படுத்தத் தயாராக வந்து சேரும். மையத்தில் இருப்பவர்களின் இன்றைய தேவை என்ன என்று தொலைவில் இருப்பவர் யோசித்துப் பார்த்த நிகழ்வு இது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை.

ஃபிட்செட்வர்ட் ஹால் 1825இல் அமெரிக்காவின் டிராய் நகரில் பிறந்தார். ஓடிப்போன தம்பியைத் தேடிவர வீட்டார் அவரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1846இல் கங்கை முகத்துவாரத்தருகே கப்பல் உடைந்தது. உயிர்தப்பி இந்தியாவிலேயே தங்கி, சமஸ்கிருதம் கற்று, காசி அரசுக் கல்லூரியில் பேராசிரியரானார். சமஸ்கிருத நூலைப் பதிப்பித்த முதல் அமெரிக்கர் அவர்தாம். 1857 எழுச்சியின்போது சாகர் கோட்டைக்குள் மாதக்கணக்கில் முற்றுகையில் அடைபட்டிருந்தார். பின்னர் லண்டன் சென்று கிங்ஸ் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராகவும் இந்தியா அலுவலக நூலகராகவும் அமர்ந்தார். அங்கே கோல்ட்ஸ்டூக்கர் என்ற மற்றொரு சமஸ்கிருத அறிஞரோடு சச்சரவு முற்றி, குடிகாரர், அந்நிய ஒற்றர் என்றெல்லாம் பழி எழுந்தது. ஹால் மறுத்தார், பயனில்லை. 1869இல் வேலை போயிற்று. மொழியியல் கழகமும் அவரை வெளியேற்றியது. அகராதியைத் தொடங்கிவைத்த அதே கழகம். குடும்பமும் பிரிந்தது. சஃபோக் வட்டாரத்தில் ஒரு கிராமத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தச் சாத்திய கதவின் இடுக்கு வழியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மெய்ப்புகள் போய்வந்தன. தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் ஹால் அகராதிக்காகச் செலவிட்டார். எந்த மெய்ப்பும் அவர் கைபட்டுத் திரும்பும்போது முன்பைவிடப் பழைய மேற்கோள் ஒன்றேனும் ஓரத்தில் ஏறியிருக்கும். 1901இல் அவர் இறந்தார். அதுவரை மர்ரேயும் அவரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

இவ்விருவரையும் நேரில் அமர்த்தி ஒரே அறையில் வேலை வாங்கியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் கொலையாளி, இரவெல்லாம் மாயப் பகைவர்களோடு போராடியவர். மற்றவர் மனித முகத்தையே வெறுத்தவர். அருகாமை இருவரையும் தள்ளிவைத்துவிட்டது. அரைத்தாள் சீட்டு தள்ளிவைக்கவில்லை. தொலைவு என்பது கூட்டுப்பணிக்கு ஒரு குறை, அதைக் கருவிகளால் ஈடுகட்ட வேண்டும் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஹாலைப் பொறுத்தவரை தொலைவுதான் நிபந்தனை. அது இல்லையேல் அவரும் இல்லை.

அருகில் இருந்தவர்களால் மர்ரேக்கு வந்த தொல்லைகள் வேறு வகை. பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த பெஞ்சமின் ஜோவெட், முதல் பகுதி வெளிவருவதற்கு முன்பே அதன் தலைப்பை மாற்றி, மர்ரே எழுதிய முன்னுரையையும் திருத்தி எழுதினார். மர்ரே விலகிவிடும் நிலைக்குப் போனார். அச்சகத்தின் செயலர் கெல், வெப்ஸ்டர் அகராதியின் ஒரு பக்கத்துக்கு இத்தனை பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று விகிதக் கணக்கு வைத்து நச்சரித்தார். ‘ஏ’யில் தொடங்கி ‘ஆன்ட்’ வரையிலான முதல் பகுதி 1884 ஜனவரி 29இல் வெளிவந்தது. 352 பக்கங்கள். ஒப்பந்தப்படியான பத்தாண்டுகளில் ஐந்து கழிந்திருந்தன. பக்க எண்ணிக்கையை வைத்து வேலையை அளந்த அலுவலகத்துக்கு, ஒரு சிறு சொல் ஒரு மனிதனின் பல நாட்களை விழுங்கிவிடும் என்பது கடைசிவரை விளங்கவில்லை என்றே தோன்றுகிறது. ஜோவெட்டும் மர்ரேயும் மட்டும் பிற்பாடு நண்பர்களானார்கள். தம் கடைசி மகனின் பெயரில் மர்ரே ஜோவெட்டின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

இந்த ஜோவெட்டைத் தமிழ் வாசகர்கள் வேறொரு இடத்தில் சந்தித்திருக்கக்கூடும். ஜி.யு.போப் அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில்தான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். திருவாசகத்தை மொழிபெயர்த்து முடிக்கும்வரை உயிரோடிருப்பேனோ என்று அவர் ஐயப்பட்டபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அதை முடிக்கும்வரை வாழ்வார் என்று தேற்றியவர் ஜோவெட். போப்பே தம் முன்னுரையில் இதைச் சொல்கிறார். அந்த வாக்கு போப்புக்குப் பலித்தது. 1900இல், தம் எண்பதாம் பிறந்தநாளையொட்டி நூலை வெளியிட்டார். பான்பரி சாலைக்காரருக்குப் பலிக்கவில்லை.

வேலையை விரைவுபடுத்துவதற்காக இரண்டாவது பதிப்பாசிரியர் அமர்த்தப்பட்டார். ஹென்றி பிராட்லி, ஷெஃபீல்டில் கத்திக் கம்பெனி ஒன்றில் இருபது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். முதல் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையின் நுட்பத்தைக் கண்டு மர்ரேயே தேடிப்பிடித்தார். 1888இலிருந்து பிராட்லி லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓர் அறையில், தனிக்குழுவோடு வேலை செய்தார். இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. ஆயிரம் வாசகர்களோடு கடிதத்திலேயே குடும்பம் நடத்திய மர்ரேக்கு, அறுபது மைல் தொலைவிலிருந்த இந்த ஒருவரோடு சரிவரவில்லை. பிராட்லியின் பக்கங்கள் தம் அளவுகோலுக்கு நீளவில்லை, சுருங்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்; எழுதிய வரைவுகளைத் தாம் பார்த்தாக வேண்டும் என்று நின்றார். மேற்கோளை எழுதுவதற்கு விதி வகுக்கலாம். ஒரு சொல்லின் பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தீர்ப்பதற்கு அரைத்தாளில் அறிவுரை அச்சிட முடியாது. 1896இல் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டுக்கே குடிவந்தார். பிறகு கிரெய்கி, அனியன்ஸ் என்று மேலும் இருவர் சேர்ந்தனர்.

இத்தனை கண்கள் பார்த்தும் தவறியது ஒன்று. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல், 1887இல் வெளிவந்த பகுதியில் இடம்பெறாமலே போயிற்று. அச்சொல்லின் சீட்டுகள் எங்கோ விழுந்துவிட்டிருந்தன. கையெழுத்துப்படி முதல் அச்சுத்தகடு வரை குறைந்தது முப்பது பேர் பார்த்திருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லை என்று மர்ரே 1901இல் ஒரு வாசகருக்கு எழுதினார். விளக்கவே முடியாத நிகழ்வு என்றார். அச்சொல் 1933இன் பிற்சேர்க்கையில்தான் ஏறியது.

மர்ரேயின் முகவரிக் குறிப்பேடுகள் நெடுங்காலம் அச்சக ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. சாரா ஓகில்வி என்ற அகராதியியலாளர் அவற்றைக் கண்டெடுத்து, அவற்றிலிருந்த மனிதர்களைத் தேடி, 2023இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏறத்தாழ மூவாயிரம் பேர். ஒவ்வொரு பெயரோடும் படித்த நூல்கள், அனுப்பிய சீட்டுகளின் எண்ணிக்கை, முகவரி மாற்றங்கள். சிலர் பெயரோடு, வேலையைக் கைவிட்டார் என்றும், இறந்தார் என்றும், இவரால் பயனில்லை என்றும் பொருள்படும் குறிப்புகள். ஃபர்னிவாலிடம் இல்லாதிருந்தது இந்த நோட்டுப் புத்தகம்தான். யாரிடம் என்ன இருக்கிறது என்பது மர்ரேக்குத் தெரிந்திருந்தது. எவரும் இறந்தால் சீட்டுகளைத் திரும்பக் கேட்டு அவரது வீட்டாருக்குக் கடிதம் போகும்.

இதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதும் தெரிந்ததே. பரவிக் கிடந்தவர்கள் அனைவரும் ஓய்வு நேரத்தில் உழைத்தார்கள். நடுவில் இருந்தவருக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. மூவாயிரம் பேரின் ஐயங்களும் ஒரே மேசையில் வந்து குவிந்தன. பத்தாண்டு ஒப்பந்தத்தில் தொடங்கிய மர்ரே முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து, 1915 ஜூலையில், டி என்ற எழுத்தின் நடுவே மறைந்தார். 1917இல் வரவிருந்த தம் எண்பதாம் பிறந்தநாளுக்குள் முடித்துவிடலாம் என்பது அவரது நம்பிக்கையாக இருந்தது.

கடைசிப் பகுதி 1928 ஏப்ரலில் வெளிவந்தது. 4,14,825 தலைச்சொற்கள், 18,27,306 மேற்கோள்கள், 15,490 பக்கங்கள். ஜூன் 6ஆம் தேதி லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் விருந்து நடந்தது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் உரையாற்றினார். விருந்து மேசையில் பெண்களுக்கு இடமில்லை. பாத் நகரில் வாழ்ந்த எடித் தாம்சன், தம் சகோதரியோடு சேர்ந்து 15,000 மேற்கோள்கள் அனுப்பியவர். சி எழுத்துச் சொற்களுக்குத் துணைப்பதிப்பாசிரியர். இறுதிவரை மெய்ப்புப் பார்த்தவர். மர்ரேயின் மகள் ராஸ்ஃப்ரித் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அகராதிக்காக உழைத்தவர். இவர்கள் மேல்மாடத்தில் அமர்ந்து, கீழே ஆண்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடித் தாம்சன் அடுத்த ஆண்டு காலமானார்.

பான்பரி சாலையில் அந்தக் கொட்டகை இப்போது இல்லை. வாசலில் நட்ட தபால் பெட்டி நிற்கிறது.